பேட்டரிக்குக் குளிர்

— அந்தப் படியத் தாண்டிக் காலை வச்சீயன்னா, பொறவு நான் மனுஷியா இருக்க மாட்டேன் அண்ணாச்சி, சொல்லிட்டேன். பிள்ளை பெத்தவ கெடக்க ரூமு இது. எங்கப்பாவே வாசலுக்கு வெளிய நின்னு, பேரன் அழுத சத்தத்தக் கேட்டுட்டு இலஞ்சிக்குத் திரும்பிப் போனாவ. கரண்டுக் கடை தில்லைநாயகத்துக்கு மட்டும் தனிச் சட்டமா?

— கவலய விடுங்க, வடிவு தங்கச்சி. நான் தாயையும் பாக்கல, பிள்ளையையும் பாக்கல. ஒங்க தங்கச்சிய ஒரு போர்வைக்குள்ள மூடிருங்க. நான் போயி அந்த ரெண்டு பேட்டரியையும் தூக்கிட்டு வெளிய வந்துருதேன். கண் மூடித் தொறக்குற வேலை.

— லாரி பேட்டரி ரெண்டையும் ஒத்தையில தூக்குவியளோ? கொண்டாந்து எறக்குன அன்னைக்கு நீங்களும் எங்க வேலையாளு பேச்சிமுத்துவும் சேந்து தூக்கி, நடுவுல சோடா குடிச்சு, திண்டாடுனீய.

— அது அன்னைக்கு.

— இன்னைக்கு என்ன வந்துட்டு? ஆளனுப்பிக் கூப்பிட்டா அடுத்த அமாவாசைக்கு வாற ஆளு நீங்க. இப்போ கூப்பிடாமலே, இந்த உச்சி வெயில்ல, தென்காசியில இருந்து அஞ்சருவி ரோடு ஏறி எங்க தோப்பு வரைக்கும் சைக்கிள் மிதிச்சு வந்து நிக்கிய. சட்டை பூரா நனைஞ்சு முதுகோட ஒட்டிக் கெடக்கு.

— சர்வீஸ், தங்கச்சி. ஓட்டு மேல இருக்க சோலார் பலகைக்கு கியாரண்டி, கீழ இருக்க பேட்டரிக்கு சர்வீஸ். எங்க கடையில எல்லாம் முறைப்படி.

— முறையப் பத்தி நீங்க பேசாதீய. அதான் சர்வீசுன்னா நானே உள்ள போயி வயரைக் கழத்தித் தாறேன். எது செவப்பு, எது கறுப்புன்னு எனக்கும் தெரியும்.

— நீங்க தொடவேண்டாம்!

— ஏன் இப்படி அலறுதிய?

— அலறல. அதுக்கு ஒரு பக்குவம் இருக்குன்னு சொல்லுதேன்.

— யக்கா, யாரு அது? சோலார் அண்ணாச்சியா?

— ஆமாட்டி உலகு. நீ கத்திப் பேசாத, அடிவயிறு இழுக்கும். கதவத் தொறந்துராத.

— தொறக்கலக்கா. அண்ணாச்சிகிட்ட சொல்லு, ரெண்டு நாளா லைட்டு கண்ணக் குத்துற மாதிரி எரியுது. காலையில வெயில் ஏறுனதுல இருந்து பெட்டி ரெண்டும் சோத்துப்பானை மாதிரி கொதிக்குது. பக்கத்துல போனா தொண்டை கரகரங்குது. பிள்ளை தும்மித் தும்மித் தூங்குதான்.

— கொதிக்குதா? நல்லாச் சத்தமாக் கேக்கா உலகம்மா?

— கதவுல காதை வையுங்க, ஒங்களுக்கே கேக்கும்.

— என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு? பேட்டரி எதுக்குக் கொதிக்கணும்?

— அது... கொதிக்கல. தாயி உலகம்மா, நீயும் கேட்டுக்கோ. அது கொதிக்குத சத்தம் இல்ல. பேட்டரிக்குக் குளிர் அடிச்சிருக்கு.

— குளிரா?

— ஆமா. உள்ள இருக்கது பூரா ஈயம்லா. ஈயத்துக்குக் குளிர் ஆவாது. வெறச்சுப் போயி முனகுது. ஒங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்லணும்னா, பேட்டரியும் உலகம்மா மாதிரிதான். பச்சை உடம்பு. கொஞ்சம் சூடு காட்டுனா தானா அடங்கிரும். வெயில்ல வைக்கத்தான் வெளிய கொண்டுபோறேன்.

— அதுவும் பிள்ளை பெத்திருக்கோ?

— நல்லாக் கேக்கியளே தங்கச்சி.

— வேற எப்படிக் கேக்க? ஆடி பொறந்தும் ஒரு பொட்டுச் சாரல் இல்ல. அஞ்சருவியில ஒரு ஓரமாத்தான் தண்ணி ஒழுகுது. சீசனுக்குக் கடை போட்டவன் பூரா பலாச்சுளைய ஈக்குக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கான். பாறையில காலு வைக்க முடியல, சுடுது. இதுல ஒங்க பேட்டரிக்கு மட்டும் குளிர் எந்த வழியா வந்துச்சு?

— வெளிய வெயிலுதான். உள்ள? கதவு, ஜன்னல் எல்லாம் அடைச்சுப் போட்டிருக்கிய. ரூமு கெணத்தடி மாதிரி குளுந்து கெடக்கும்லா.

— கெடக்காது. விடியக் கருக்கல்ல கட்டிலுக்கு அடியில கணப்புச் சட்டி வச்சுருதேன். நல்ல சிரட்டைக் கங்கு. அடைகாக்குற கோழி வயித்துக்கு அடியில இருக்க மாதிரி இருக்கும் அந்த ரூமு.

— கணப்பா? இப்பவும் இருக்கா?

— இப்ப எதுக்கு? வெயில் ஏறுமுன்னயே ஆறிப் போச்சு. தொட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன், சாம்பலாக் கெடக்கு. பிள்ளைக்குச் சாம்பிராணி போடுதப்ப அதுக்கும் புதுக் கங்கு போடணும்.

— வெளக்கு, ஊதுபத்தி?

— ஒண்ணும் கெடையாது. வெளக்கே வேண்டாம்னுதானே ஒங்க பலகைய வாங்கி ஓட்டு மேல ஏத்துனோம். போன எலெக்‌ஷன்ல ஓட்டுக் கேட்டு வந்தவன் தோப்பு வரைக்கும் கம்பம் நடுதேன்னான். கம்பத்தையும் காணோம், அவனையும் காணோம். உலகு வீட்டுக்காரரு மஸ்கட்ல இருந்து கேசட்டுல பேசி அனுப்புனாரு, "இந்தப் பிள்ளை வெளிச்சத்துல பொறக்கணும் மதினி"ன்னு. அத நாங்க ரெண்டு பேரும் எத்தன தடவ போட்டுப் போட்டுக் கேட்டோம் தெரியுமா?

— தெரியும் தங்கச்சி.

— என்ன தெரியும் ஒங்களுக்கு? மொதப் பிள்ளை பொறந்தப்ப நீங்க இங்கன இருந்தியளா? அது நல்ல சீசன். ஊதக்காத்து அடிச்சு அரிக்கேன் வெளக்கு அணைஞ்சு போச்சு. மருத்துவச்சி கையில பிள்ளை. நான் தீப்பெட்டிய எடுக்கக் கதவத் தொறந்துபோட்டு அடுக்களைக்கு ஓடுனேன். வெளக்க ஏத்திக்கிட்டு வந்து பாத்தா பிள்ளை நீலமாக் கெடக்கு. இருட்டு கொன்னுச்சா, காத்து கொன்னுச்சான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அதான் இந்தத் தடவ ரெண்டையும் உள்ள விடல.

— அதெல்லாம் சரி. மேல, ஓட்டுக்குக் கீழ, சுவத்துல ஒரு ஓட்டை போட்டு விட்டேனே. அது தொறந்துதானே கெடக்கு?

— நேத்து சாயங்காலம் அடைச்சாச்சு.

— யக்கா, அத அடைச்ச பொறவுதான் நான் நிம்மதியாத் தூங்குனேன்.

— குரங்கு கை விடுது அண்ணாச்சி. தொட்டில் கயித்தைப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்துட்டு. உலகு போட்ட சத்தம் அஞ்சருவிக்குக் கேட்டிருக்கும். பேச்சிமுத்துகிட்டச் சொல்லி சாக்கைத் திணிச்சு, சாணியும் மண்ணும் கொழச்சுப் பூசிட்டேன். இனிமே ஒரு எறும்பு உள்ள வராது.

— அத அடைக்கக் கூடாதுன்னு சொன்னேன்லா?

— எப்போ சொன்னீய? "எதுக்கு அண்ணாச்சி இந்த ஓட்டை"ன்னு நான் கேட்டேன். "காத்துக்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னீய. பிள்ளை பெத்தவ ரூமுல காத்துக்கு வழி விட்டு வைப்பாளா ஒருத்தி?

— பேறுகால ரூமா ஆக்குவியன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— வீட்டுல லைட்டு எரியுற ரூமு அது ஒண்ணுதான். வேற எங்கன படுக்கப் போட? பேட்டரிய மாட்டுக் கொட்டில்ல வைப்போம், ரூமுக்கு வயரு இழுத்துக்குவோம்னு நான் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேன். வயரு நீண்டா லைட்டு மங்கும்னு சொல்லி உள்ளயே எறக்குனது நீங்க.

— மங்கத்தான் செய்யும்...

— யக்கா, இன்னொண்ணு. தொட்டில் கட்டுன சேலையப் பாத்தியா? பெட்டிப் பக்கமாத் தொங்குன முந்தி பூரா பொட்டுப் பொட்டா ஓட்டை. எலி கடிச்ச மாதிரியும் இல்ல, பூச்சி அரிச்ச மாதிரியும் இல்ல. தொட்டா துணி தூளா உதிருது.

— அதுவும் குளிராலதானோ அண்ணாச்சி?

— உலகம்மா, தொட்டில எந்தப் பக்கம் கட்டியிருக்க?

— பெட்டிக்கு மேலதான், உத்தரத்துல. வேற எங்கன கொக்கி இருக்கு?

— தாயி... பேட்டரிக்கு ஊத்தச் சொல்லி ஒரு கேன்ல காச்சி வடிச்ச தண்ணி குடுத்தேனே, ஊத்துனியளா?

— அது நல்ல தெளிஞ்ச தண்ணியா இருந்துச்சு, பேறுகால மருந்து எழைக்க எடுத்துக்கிட்டோம். பேட்டரிக்கு அருவித் தண்ணி ஊத்துனோம்.

— அருவித் தண்ணியா!

— என்ன, மூஞ்சியச் சுளிக்கிய? எங்கெங்க இருந்தோ பஸ் புடிச்சு வந்து, தலையக் குடுத்துட்டு, சொஸ்தமாயிட்டுன்னு போறானுவ. மூலிகை பூரா கரைஞ்சு வாற தண்ணி. மனுஷனுக்கு ஆவும், ஒங்க பெட்டிக்கு ஆவாதா?

— கவலய விடுங்க. அது கெடக்கட்டும். இப்போ நான் சொல்லுததக் கேளுங்க...

— இருங்க. ஏய் பேச்சிமுத்து! கங்கு ஆச்சா? பிள்ளையக் குளிப்பாட்டி எவ்வளவு நேரமாச்சு, தலை ஈரம் காயல. தூபக்கால்ல நல்லாச் செவந்த கங்காப் பாத்து எடுத்துக்கிட்டு வா. சாம்பிராணிய நான் மடியில வச்சிருக்கேன்.

— வேண்டாம்! ஏலே பேச்சிமுத்து, நில்லு! அங்கனயே நில்லுலே! ஒரு எட்டு வைக்காத!

— என்னவே இது? என் வீட்டுல, என் ஆள, நீரு அதட்டுதீரு?

— தங்கச்சி, சாம்பிராணிப் புகை பேட்டரிக்கு ஆவாது. முனையில பூசணம் பூத்துரும்.

— பூக்கட்டும். ஒம்ம பேட்டரிக்காக எம் பிள்ளை தலையில நீர் கோக்கணுமா? வழிய விடும்.

— விட மாட்டேன்.

— கையத் தொடாதீரும்! தூபக்கால் சரிஞ்சு காலுல விழப் போவுது. என்ன மனுஷன்வே நீரு? மொதல்ல குளிர்னீரு. சூடு காட்டணும்னீரு. இப்போ நெருப்பு வாசலுக்கு வந்ததும் அய்யோங்கீரு. இதுல எது நெசம்?

— யக்கா, என்ன சண்டை அங்கன?

— ஒண்ணுமில்லட்டி. பூனை பாலத் தட்ட வந்துச்சு, வெரட்டுதோம்.

— சாம்பிராணி இன்னும் வரலியே. கணப்பும் ஆறிட்டு.

— வரும். செத்த பொறு. ...வாயத் தொறயும்வே தில்லைநாயகம். எது நெசம்?

— இங்கன வேண்டாம். கெணத்தடிக்கு வாங்க. உலகம்மா காதுல விழக்கூடாது.

— அவ்வளவு பெரிய சங்கதியா? சரி, நடவும். பேச்சிமுத்து, நீ இங்கனயே நில்லு, உள்ள போவாத. கொரலத் தாழ்த்திப் பேசும். பச்சை உடம்புக்காரி பயந்தா பால் கட்டிரும். எதுவா இருந்தாலும் அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். ம்... இங்க கேக்காது. சொல்லும்.

— அது குளிர் இல்ல தங்கச்சி.

— அது எனக்கே தெரியும். மேல சொல்லும்.

— கொதிக்கத்தான் செய்யுது. பேட்டரி கொள்ற அளவுக்கு மேல வெயிலு கரண்டை ஏத்துது. பேட்டரிக்கு வயிறு நெறைஞ்ச பொறவும் ஏத்திக்கிட்டே இருந்தா, உள்ள இருக்க தண்ணி வாயுவாப் பிரிஞ்சு மேல வரும். ஆசிட்டும் தூத்தலா வரும், அதான் சேலையில ஓட்டை. ஆசிட்டாவது தெரியும். அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது, மணமும் கெடையாது. மேல ஓட்டு மோட்டுல போயித் தேங்கும். சுவத்துல நான் விட்ட ஓட்டை காத்து உள்ள வாறதுக்கு இல்ல. அது வெளிய போறதுக்கு.

— போகலன்னா?

— ஒரு நெருப்புப் பொறி போதும்.

— போதும்னா?

— வெடிக்கும்.

— சரவெடி மாதிரியா?

— ஓடு நிக்காது. பேட்டரி செதறி ஆசிட்டு நாலு பக்கமும் அடிக்கும். கட்டிலு, தொட்டிலு...

— வாய மூடும்.

— கேட்டீயளே.

— நேத்தும் சாம்பிராணி போட்டேன். அதுக்கு முந்துன நாளும் போட்டேன். ஒண்ணும் ஆவலையே.

— அப்போ ஓட்டை தொறந்து கெடந்துச்சு. நேத்து சாயங்காலந்தான் அடைச்சிருக்கிய. ராத்திரி வெயில் இல்ல. இன்னைக்குக் காலையில இருந்து ஏறுற வெயிலு பூரா அந்த ரூமுக்குள்ளதான் நிக்கு.

— இதுக்குத்தான் கூப்பிடாமலே ஓடி வந்தீரா? இங்க நடந்தது ஒமக்கு யாரு சொன்னா?

— பேச்சிமுத்து காலையில இலஞ்சி டீக்கடையில வச்சுச் சொல்லியிருக்கான். உலகம்மாவுக்கு ஆம்பளைப் பிள்ளை, லைட்டு ரூமுலதான் இருக்காவன்னு. குரங்கு கதையும் சொன்னானாம். டீக்கடைக்காரன் சரக்கு எடுக்கத் தென்காசிக்கு வந்தவன் என் கடையில நின்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். நான் கடையக்கூடச் சாத்தல. அப்படியே சைக்கிள எடுத்தேன்.

— இரும். செவத்துல ஒரு சின்னப் பெட்டி மாட்டுனீரே. "இது காவக்காரன் தங்கச்சி, பேட்டரி நெறைஞ்சா வாசலச் சாத்திருவான்"னு சொல்லி, அதுக்குச் சந்தனம்கூட வைக்கச் சொன்னீரே.

— ரெகுலேட்டரு.

— அத தொடைக்கணும்னு கழத்திட்டுப் போனீரு. இன்னும் வரல. எங்க அது?

— கடையில...

— பொய் சொன்னீருன்னா இந்தக் கெணத்துல தள்ளிருவேன். ஆழம் எம்புட்டுன்னு ஒமக்கே தெரியும், டீசல் மோட்டாருக்குக் கொழாய் எறக்குனது நீருதான்.

— குத்தாலத்துல இருக்கு. ஹரிஹரசுப்பிரமணியன் லாட்ஜுல.

— எங்க வீட்டுக் காவக்காரன் அங்க எதுக்குப் போனான்?

— அவரு மொட்டை மாடியில ஒரு பலகைய வச்சு ஓட்டிக் காட்டச் சொன்னாரு. புடிச்சிருந்தா லாட்ஜு பூரா போடுதேன்னாரு. மெட்ராஸ்ல இருந்து புது ரெகுலேட்டரு வந்து சேரல. கொஞ்ச நாளுதானேன்னு இங்க இருந்து கழத்திட்டு, வயரை நேராச் சேத்து விட்டேன். சாரல் காலம், எங்க வெயில் அடிக்கப்போவுது, பேட்டரி நெறையவே செய்யாதுன்னு நெனச்சேன். எல்லா வருஷமும் அப்படித்தானே. இந்த மாசம் சூரியனப் பாக்கதே அதிசயம்லா.

— இந்த வருஷம் சாரல் வரல.

— வரல.

— இத வந்த ஒடனே சொல்லித் தொலைக்க என்ன?

— வெடிக்கும்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா தென்காசி, செங்கோட்டை ஒருத்தன் வாங்க மாட்டான். ஹரிஹரசுப்பிரமணியன் பலகையத் தூக்கி ரோட்டுல எறிவாரு. பேச்சிமுத்து வாய் ஒங்களுக்குத் தெரியாதா? சத்தமில்லாமத் தூக்கிட்டு வந்துரலாம்னு பாத்தேன்.

— தூக்கிட்டு வாறதுன்னா வயரைக் கழத்தணும். கழத்தும்போது பொறி வராதா?

— முனைய மெல்லத்தான் கழத்துவேன்...

— வருமா, வராதா?

— வரும்.

— அப்போ நான் படியத் தாண்ட விட்டிருந்தா?

— பதறி ஓடி வந்த வெப்ராளத்துல எனக்கு அது தோணல தங்கச்சி. சத்தியமா, இப்போ நீங்க கேக்கும்போதுதான் தோணுது.

— தீட்டுன்னு தடுத்தேன் பாரும், அது காப்பாத்திருக்கு. ஒம்ம படிப்பும் சர்வீசும் இல்ல. சரி, அழுவாதீரும். ஒமக்குத் தோள் குடுக்க நேரமில்ல. பேச்சிமுத்து! அந்தத் தூபக்கால இங்கன கொண்டா. கெணத்தடிக்குக் கொண்டா. கீழ வையி. தள்ளு. ...இந்தா. ஒரு வாளித் தண்ணி பூரா ஊத்தியாச்சு. போச்சு.

— அடுக்களை அடுப்பு?

— அதையும் அணைச்சிருதேன். அடுத்து என்ன? பொய் கலக்காமச் சொல்லும்.

— பலகைய மூடணும். வெயில் படலன்னா கரண்டு ஏறாது. ஏலே பேச்சிமுத்து, ஏணியப் போடு. நெல்லு காயப்போடுத படுதாவ எடுத்துக்கிட்டு ஓட்டு மேல ஏறு. பலகை நாலையும் மூடு. வயரைத் தொடாத. மடியில பீடி, தீப்பெட்டி இருக்கா? கீழ வச்சிட்டு ஏறுலே. எதுக்குன்னு கேக்காத.

— ஏறிட்டான். பொறவு?

— சுவத்து ஓட்டைய வெளிய இருந்து தொறக்கணும்.

— பேச்சிமுத்து, படுதாவப் போட்டாச்சா? அப்படியே எறங்கி வந்து அந்தச் சாக்கப் புடுங்கு. என்னது? மண்ணு கல்லு மாதிரி இறுகிட்டா? அடிக்கிற வெயிலுக்கு இறுகாம என்ன செய்யும்.

— கடப்பாரைய எடுக்காதலே! இரும்பு கல்லுல உரசுனா பொறி வரும். தண்ணிய ஊத்தி ஊற வையி. கையால பேத்து எடு.

— அது ஊறுத வரைக்கும் நிக்க முடியாது. நான் உலகையும் பிள்ளையையும் வெளிய கொண்டாந்துருதேன். கதவத் தொறந்தா அந்த வாயு தானா வெளிய வந்துரும்லா?

— மெல்ல வரும். அவுக வெளிய வந்துட்டாப் போதும். நெருப்பு இல்லாத வரைக்கும் அது சும்மா கெடக்கும் தங்கச்சி. உள்ள ஒரு பொறி இல்ல, நீங்களே சொல்லிட்டிய. தப்பிச்சோம்.

— தப்பிச்சோம்னு நான் சொல்லணும், நீரு சொல்லாதீரும். ...என்னமோ டக்குனு ஒடையுற சத்தம் கேட்டுச்சே?

— பேச்சிமுத்து காலு பட்டு ஓடு ஒடைஞ்சிருக்கும். ஏணியில எறங்குதான்லா.

— இல்லன்னா குரங்கு. இன்னொரு தடவ கேக்கு பாரும். சனியன் புடிச்ச குரங்கு, அதால வந்த வெனை. வாரும், வாசலுக்குப் போவோம். உலகுகிட்ட நான்தான் பேசுவேன். வெடி, வாயுன்னு ஒரு வார்த்தை வாயில இருந்து வந்துச்சோ, பாத்துக்கிடும்.

— நான் ஒண்ணும் சொல்லல.

— ஏட்டி உலகு. என்ன செய்யுத?

— இங்கதான்க்கா இருக்கேன். எங்க போனிய எல்லாரும்? சத்தத்தையே காணோம்.

— கதவத் தொறட்டி கண்ணு.

— தொறக்கவா? இப்பத்தானே தொறக்காதன்ன?

— இப்போ தொறக்கச் சொல்லுதேன். பிள்ளைய எடுத்துக்கிட்டு வெளிய வா.

— வெளியவா? தீட்டுக் கழியாமப் படி தாண்டுனா காலை ஒடைப்பேன்னு சொன்னது நீதானக்கா.

— நான்தான். இப்போ நான்தான் வரச் சொல்லுதேன்.

— காத்து?

— படட்டும்.

— யக்கா, நீயா பேசுத? கொரலு ஒரு மாதிரி இருக்கே. அழுதியா?

— அழல. பிள்ளை மேல மஞ்சப் பூத்த மாதிரி தெரிஞ்சுதுல்லா காலையில? இத்துணூண்டு வெயில் காட்டுனா நல்லதாம். அண்ணாச்சி சொல்லுதாவ.

— அண்ணாச்சிக்கு பிள்ளை வைத்தியம்கூடத் தெரியுமா? எங்க போனாலும் சூடு காட்டணும், சூடு காட்டணும்னே சொல்லுதாவளே.

— கிண்டல் பண்ணாத. வா.

— லைட்ட அணைச்சிட்டு வரவா?

— வேண்டாம் தாயி! சுவிட்சத் தொடாத. அது எரியட்டும். கட்டில இழுக்காத, பெட்டிப் பக்கம் எதையும் தொடாத. நேரா வந்து தாப்பாளத் தூக்கு.

— சரி அண்ணாச்சி.

— உலகம்மா, சும்மாத்தான் கேக்கேன். உள்ள வெளக்கு எதும் ஏத்தி வைக்கலியே?

— வெளக்கு இல்ல அண்ணாச்சி.

— தீப்பெட்டி?

— தீப்பெட்டியும் இல்ல. வடிவு அக்கா ஒரு குச்சியக்கூட உள்ள வைக்கல.

— கேட்டியளா தங்கச்சி? கவலய விடுங்க.

— அந்த வார்த்தைய இனி என் முன்னால சொல்லாதீரும். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அந்தக் காவக்காரன லாட்ஜுல இருந்து கழத்திக் கொண்டாரும். பேட்டரி மாட்டுக் கொட்டிலுக்குப் போவணும். வயரு நீளட்டும், லைட்டு மங்கட்டும். மங்குன வெளிச்சத்துல என் பிள்ளை வளந்துக்கிடும்.

— செய்யுதேன். நானே செய்யுதேன்.

— ஏட்டி, தாப்பாளத் தூக்க இவ்வளவு நேரமா? பிள்ளைய எடுத்தியா இல்லியா?

— அவன் தொட்டில்ல நல்லாத் தூங்குதான்க்கா. என் கையெல்லாம் சாம்பலு, தொடச்சிட்டு எடுக்கேன்.

— சாம்பலா? எதுக்குட்டி சாம்பலத் தொட்ட?

— பெட்டிக்குக் குளிர் அடிச்சிருக்கு, சூடு காட்டுனா அடங்கிரும்னு அண்ணாச்சி சொன்னாவல்லா, முனகுததக் கேக்கப் பாவமா இருந்துச்சுக்கா. அதான் கட்டிலடிக் கணப்ப நவுத்தி ரெண்டு பெட்டிக்கும் நடுவுல வச்சேன், சாம்பலுக்கு அடியில ஒத்தக் கங்கு உயிரோட கெடந்துச்சு, சிரட்டைய ஒடச்சுப் போட்டு இவ்வளவு நேரமா ஊதிக்கிட்டு இருக்கேன், இந்தா, தீ புடிச்சிட்டு.